ஐந்து மணி டிரிப்

"மூணாவது தடவை வர்றீங்க மெக்கானிக். இன்னிக்காவது கண்டுபிடிப்பீங்களா, இல்ல இன்ஜினுக்குத் தாலாட்டுப் பாடிட்டுப் போவீங்களா?"

படகுக்காரி கேட்டதில் நியாயம் இருந்தது. நடு ஆற்றில், மிதவைப் பக்கம் வேகத்தைக் குறைத்ததும் இன்ஜின் பொட்டென்று நின்றுவிடுகிறது. அதுவும் மாலை ஐந்து மணி டிரிப்பில் மட்டும். இரண்டு நிமிடம் கழித்துத்தான் திரும்பப் பிடிக்கிறது.

"எனக்கு இன்ஜின் மேல சந்தேகமில்ல, ஓட்டுறவன் மேலதான். கூடப்பிறந்த தம்பியாச்சேன்னு பார்த்தேன். ஏறுறவங்க எல்லாரும் என்னைக் காய்ச்சி எடுக்கறாங்க. இன்னிக்கும் நின்னுச்சுன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

தம்பி காதில் விழாதவன் போல கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் தளத்துப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கினார். ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். பெட்ரோலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வேகம் குறையும்போது இன்ஜினை அணையாமல் ஓடவைக்கும் ஐடில் வால்வு, போன வாரம் அவரே கரி போகத் துடைத்தது, பளிச்சென்று இருந்தது. பிரஷர் சரி. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். ஒரு கோளாறும் பதிவாகவில்லை.

அதுதான் அவரை உறுத்தியது. தானாக நின்ற இன்ஜின் ஏதாவது தடயம் விடும். யாரோ அணைத்த இன்ஜின்தான் இப்படி வாயே திறக்காது.

ஐந்து மணிக்கு அவரும் ஏறி, தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

மிதவை வந்தது. வேகம் குறைந்தது. தம்பியின் இடது கை ஸ்டியரிங்குக்குக் கீழே போய்ச் சாவியைத் திருப்பியது.

"மறுபடியும் நின்னுடுச்சுய்யா!" என்றார் ஒரு பயணி.

மெக்கானிக் குனிந்து பல்லைக் கடித்தார். "ஏன்டா, உங்கக்கா பொழப்புல மண்ணள்ளிப் போடறதுமில்லாம என் பேரையும் கெடுக்கறியே!"

"மெதுவாப் பேசுங்கண்ணே. பின்னாடி பாருங்க."

கடைசி வரிசையில் வாட்ச்மேன் உடுப்பில் ஒருவர் எழுந்து நின்று, கரையிலிருந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துத் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு சின்னக் கை பதிலுக்கு ஆடியது.

"அவர் பொண்ணு. தொத்து நோய் வார்டு, யாரையும் உள்ள விடமாட்டாங்க. இங்க இருந்தாத்தான் அந்த ஜன்னல் நல்லாத் தெரியும். ரெண்டு நிமிஷம் நிறுத்தவான்னு கேட்டா நாலு பேர் வாட்ச்சைப் பார்ப்பாங்க. ரிப்பேர்னா யார் என்ன செய்ய முடியும்? நான் வேணும்னு நிறுத்தறது அவருக்கே தெரியாதுண்ணே."

மெக்கானிக் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை நாள்?"

"பத்து நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

படகு திரும்பி வந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. உங்க தம்பி மேல தப்பில்லக்கா, போன தடவை நான்தான் சரியாப் பார்க்கல" என்றார் மெக்கானிக். "ஒரு பார்ட் மாத்தணும். அது வர பத்து நாளாகும்."