சாவி வாங்கிய நாள்

"ஏனுங்க, கொஞ்சம் வெளிய போங்க" என்றாள் பாவாத்தாள்.

அறையைப் பார்க்க உள்ளே நுழைந்த அதிகாரி திகைத்தார். வீடில்லாதவர்களுக்காக அரசும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து கட்டிய குடியிருப்பு அது. அவள் அன்று காலையில்தான் குடிவந்திருந்தாள்.

"ரூம்ல ஏதாச்சும் குறைங்களா அக்கா?" என்று கேட்டார் அறக்கட்டளையின் சஹீர்.

"நீங்களும் போங்க."

இருவரும் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

"ஊடு கட்டிக் குடுத்ததுக்கு இதுதானுங்க மரியாதை" என்று முணுமுணுத்தார் அதிகாரி.

"இப்பத் தட்டுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சஹீர் தட்டினார். கதவைத் திறந்த பாவாத்தாளின் கையில் தண்ணீர்ச் சொம்பு, முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. பஸ் ஸ்டாண்டுல கெடந்த வரைக்கும் ஒருத்தரையும் இப்படிக் கூப்பிட முடியலீங்க. இன்னிக்கு நான் கூப்பிடறதுக்குள்ள நீங்களே உள்ள வந்துபோட்டீங்க."