நல்ல பழக்கம்

குழந்தைகளுக்கான சமையல் வகுப்பு. அம்மா அழைத்து வந்திருந்த ஆறு வயது மகள் வெள்ளரிக்காயை நறுக்கி முடித்தாள். உடனே கத்தியைத் துடைத்து, மாவு டப்பாவுக்குள் புதைத்து மூடினாள்.

டீச்சர் அசந்துபோனார். "கத்தியக் கண்ட இடத்துல போடாம எவ்ளோ பத்திரமா வைக்குது! நல்லா பழக்கியிருக்கீங்கம்மா. மத்த வாண்டுங்களும் பாத்துக் கத்துக்கணும்."

மற்ற அம்மாக்கள் கைதட்டினார்கள். அவளுடைய அம்மா மட்டும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரமாவது பிள்ளை சிரித்து விளையாடட்டும் என்றுதான் கூட்டி வந்திருந்தாள்.

"இன்னும் தக்காளி வெட்டணுமே செல்லம், அதுக்குள்ள ஏன் எடுத்து வச்சிட்டே?" டீச்சர் அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

மகள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

"சின்ன முள்ளு அஞ்சுக்கு வந்துடுச்சு மிஸ். அப்பா வர்ற நேரம்."