பாம்பை மட்டும் எடுக்கவும்

மருந்துக்கடையில் கூட்டம் சற்றுக் குறைந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. எங்கள் பாம்புக் குழுவில் புதுப் படம் ஒன்று வந்திருந்தது.

‘இது என்ன பாம்பு? கொல்லையில இருந்துச்சு.’

அனுப்பியவன் என் தம்பி.

அது குழுவில் யாருக்கும் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அவன் வெறும் ஒரு நம்பர். அதிலும் போட்டோ எடுக்கத் தெரியாத நம்பர்.

கொல்லையிலோ குளியலறையிலோ குட்டிப் பாம்பைப் பார்த்துப் பதறியவர்கள் படம் அனுப்புவார்கள். என்ன பாம்பு, விஷமா இல்லையா என்று நாங்கள் சொல்லுவோம். குழுவில் விதிகள் குறைவு. தொடாதீர்கள். அடிக்காதீர்கள். பாம்பை மட்டும் எடுங்கள், வீட்டையெல்லாம் எடுக்காதீர்கள்.

கடைசி விதியை அட்மின் என் தம்பிக்காகவே சேர்த்தார் என்பது என் சந்தேகம்.

அவன் அனுப்பும் படத்தில் பாம்பு ஒரு மூலையில் கடுகளவு கிடக்கும். மீதியெல்லாம் கொல்லைதான். துவைக்கிற கல், துணி காயும் கொடி, பின்வாசல் படி, படிக்குப் பக்கத்தில் நீல நாற்காலி. நாற்காலியில் அம்மா.

நான் முதலில் அம்மாவைத்தான் பார்ப்பேன். பாம்பெல்லாம் அப்புறம்.

அம்மா யாரோடு இருப்பது என்று வந்த சண்டையில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது. அவன் விட்டுக்கொடுக்கவில்லை, நானும்தான். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் மட்டும் இருவருக்கும் சரிபாதி கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போனில் பேசுவதென்றால் தம்பி நடுவில் நின்று ஜாடையில் சொல்ல வேண்டும். அவனிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் படங்கள்தான் எனக்கு வாய்த்தவை. மழை பெய்த வாரம் அம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அடுத்த படத்தில் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தாள். போன மாதம் ஒரு சாரைக்குட்டிக்குப் பின்னால் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினேன்.

இன்றைய படத்தைப் பெரிதாக்கினேன்.

துவைக்கிற கல் இருந்தது. நாற்காலி இருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

கொடியைப் பார்த்தேன். எப்போதும் தொங்கும் அம்மாவின் புடவைகளில் ஒன்றுகூட இல்லை.

படத்தை இன்னும் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன்.

அதற்குள் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் குழுவுக்குள் வந்துவிட்டார். கயிற்றைக் காட்டினாலும் கட்டுவிரியன் என்று சொல்கிறவர். ‘கட்டுவிரியன். சந்தேகமே வேணாம்’ என்று போட்டார்.

அது கட்டுவிரியன் இல்லை, வெள்ளிக்கோல் வரையன். பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிப்போயிருந்தன. கட்டுவிரியனுக்கு இது நேர்மாறாக இருக்கும். விஷம் கிடையாது, கோபம் மட்டும் உண்டு. அரைக்கண்ணால் பார்த்தாலே எனக்குத் தெரியும். குழுவில் என் பெயரே பாம்பக்கா.

‘பாம்பக்கா சொல்லட்டும்’ என்று அட்மின் எழுதினார்.

“ஏம்மா, இருமல் மருந்து கேட்டேனே” என்றார் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்.

நான் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாற்றிக் கொடுத்துவிட்டு, போனில் தட்டினேன்.

‘சரியா தெரியல. இன்னொரு படம் வேணும்.’

குழுவில் வரிசையாக ஆச்சரியக்குறிகள் விழுந்தன. பாம்பக்காவுக்கே தெரியாத பாம்பா? போஸ்ட்மாஸ்டர் மட்டும் கட்டைவிரலை உயர்த்தினார். பாவம், அவருக்கு இதுதான் முதல் வெற்றி.

பாம்பக்கா நான்தான் என்று தம்பிக்குத் தெரியும், சொல்வது பொய் என்றும் புரிந்திருக்கும். சின்ன வயதில் அதே கொல்லையில் இருவரும் வாளியைப் போட்டு மூடி, வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டவற்றில் பாதி இந்த வகைதான். நான் அவனைச் சீண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டால்? போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டால்?

நேரடியாகவே கேட்டுவிடலாமா என்று அவன் நம்பரை எடுத்தேன். விரல் அதன்மேல் நின்றது, அழுத்தவில்லை.

அடுத்த படம் வந்தது.

முன்னால் பாம்பு, இந்த முறை பெரிதாக. ஆனால் ஒரே மங்கல். பட்டையும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை.

அதற்குப் பின்னால், பின்வாசல் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்திருக்கிறாள், நரைமுடி ஈரமாகத் தோளில் கிடந்தது. காலடியில் வாளி நிறையத் துவைத்த புடவைகள். நெற்றிச் சுருக்கங்களை எண்ணிவிடலாம்போல அத்தனை தெளிவு. யாரோ கைகாட்டிப் பார்க்கச் சொன்னதுபோல நேராகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கவுண்டருக்குக் கீழே குனிந்து, எதையோ தேடுகிறவள்போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அட்மினுக்குப் பொறுமை போய்விட்டது. ‘என்ன சார், பாம்பு மங்கல், அந்தம்மா மட்டும் பளிச்சுனு இருக்காங்க. முதல்ல போட்டோ எடுக்கப் பழகுங்க.’

நான் எழுதினேன். ‘வெள்ளிக்கோல் வரையன். விஷம் இல்ல. இப்ப நல்லாத் தெரியுது.’

‘எங்க தெரியுது?’ என்றார் போஸ்ட்மாஸ்டர்.

தம்பி ‘நன்றி’ என்று மட்டும் போட்டான்.

அட்மின்மீது தப்பில்லை, அவருக்கு எப்படித் தெரியும். எங்கள் சொந்த ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குப் போட்டோகிராபர் என் தம்பிதான். என் கல்யாண ஆல்பமும் அவன் எடுத்ததுதான்.

அதில் ஒரு படம்கூட மங்கல் கிடையாது.