டர்பன்டைன்

மாடி அறைக்குள் நுழைந்ததுமே கோதை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கணவன் தணிகைவேல் தெருவிலிருந்து தூக்கிவந்து கட்டிப்போட்டிருந்த நாயின் காதில் புழு வைத்து இன்றோடு நான்கு நாள். அதன் முன்னால் தரையில் வெள்ளைத் தாளை விரித்து, அவன் தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்துக்கொண்டிருந்தான். முழுசாக இருக்கும் மிருகத்தில் வரைய ஒன்றுமில்லையாம். குறைப்பட்டதில்தான் அழகு இருக்கிறதென்று ஜப்பானியர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்களாம். போன வருஷம் கொம்பு முறிந்த எருமை, அதற்கு முன்னால் கண் அவிந்த ஆடு. இரண்டுமே அவனுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருந்தன.

“மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

“இன்னும் ரெண்டே நாள், கோத. ஆறிப்போச்சுன்னா அது வெறும் நாய்தான்.”

நாய் அவளைப் பார்த்து முனகியது. அவன் எண்ணெய் வண்ணத்தை விட்டு மைக்கு மாறியதிலிருந்து அலமாரியில் தூசி படிந்து கிடந்த டர்பன்டைன் பாட்டிலை எடுத்தாள். மாட்டுப் புண்ணுக்கு அவள் பிறந்த வீட்டில் அதைத்தான் ஊற்றுவார்கள். நாயின் தலையை மடியில் அழுத்திக்கொண்டு காதுக்குள் ஊற்றினாள். அது அலறித் திமிறி உதற, கொழுத்த புழுக்கள் கொத்தாகத் தாளில் விழுந்து, அவன் தீட்டியிருந்த ஈர மையில் நெளிந்து நெளிந்து கோடு இழுத்தன.

அடிக்கக் கை ஓங்கிய தணிகைவேல் தாளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“தொடாத,” என்றான், தாளருகே மண்டியிட்டு. “அதுங்களே வரையுது பாரு.”

பிறகு, படம் முடிந்ததும் வைக்கும், தன் பெயர் பொறித்த சிவப்பு முத்திரையை எடுத்து, புழுக்களுக்குப் பக்கத்தில் பக்குவமாகப் பதித்தான்.

பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது, தாள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. கோதை மூடியைத் தேடவில்லை.