சீட்டின் மேல் ஒரு திருப்புளி

"மூணாவது பிளக்கும் போச்சு!"

ரொசெந்தோ மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தார். கழற்றிய பிளக்கை நீட்டினார். அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது.

மெக்கானிக் செவெரோ ஒரு கன்னம் நிறையக் கோகா இலையை அடக்கியிருந்தார். அவசரப்படவில்லை.

"எங்கேருந்து வர்றீங்க?"

"சாந்தா குரூஸ்."

"அங்கே கறுத்துச்சா?"

"சேச்சே! மலை ஏற ஏறத்தான் இந்தக் கூத்து. துடைச்சுப் போட்டா பத்து கிலோமீட்டர் ஓடுது, அப்புறம் இருமுது, நின்னுடுது."

"வண்டியும் உங்களை மாதிரிதான். கீழ்நாட்டுக் காத்துக்குப் பழகினது. இங்கே காத்து கம்மி. பெட்ரோலை மட்டும் அதே அளவு குடிக்குது. எரியாததெல்லாம் கரியா அப்பிக்குது."

"வியாக்கியானம் வேண்டாம்ப்பா. மூணு மணிக்குள்ள நான் மேலே ஒருரோவுல இருக்கணும். நான் போகலேன்னா குழந்தைக்கு முடி எடுக்க மாட்டாங்க."

"ஓ, முதல் கத்தரி போடற ஞானத்தகப்பனா?" செவெரோவின் குரலில் மரியாதை ஏறியது. "அப்படின்னா போய்ச் சூடா சோளக்கஞ்சி குடிங்க. கால் மணி நேரம்."

அந்தப் பெருமை ரொசெந்தோவுக்குச் சும்மா வந்துவிடவில்லை. சர்க்கரை ஆலைக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம். ஒரு நட்டுகூடக் காணாமல் போனதில்லை. கூட வேலை பார்த்த பசிலியோ தன் மகளுக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். முதல் கத்தரி போடும் கையின் குணம் பிள்ளைக்கும் வரும் என்பது பசிலியோ வீட்டு நம்பிக்கை.

கஞ்சிக்கடை பெஞ்சிலிருந்து கொட்டகை நன்றாகத் தெரிந்தது.

செவெரோ கார்புரேட்டரைத் திறந்தார். பெட்ரோல் பாய்கிற சின்னப் பித்தளை ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு சுவரோரம் நின்ற தன்னுடைய ஓட்டை வண்டியிலிருந்து ஒரு ஜெட்டைக் கழற்றி, ரொசெந்தோவின் வண்டியில் மாட்டினார். கறுத்த பிளக்கையும் துடைத்துப் போட்டார்.

ரொசெந்தோ கஞ்சிக் கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்தார்.

"பார்த்தியாம்மா உங்க மலைக்காரன் செய்யற வேலையை?"

கடைக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செவெரோவா? அவர் கை வச்சா ஓடும். கஞ்சியைக் குடிங்க, ஆறிடும்."

புதுசை எடுத்துக்கொண்டு பழசைத் தலையில் கட்டுகிறான்! சண்டை போடலாம்தான். ஆனால் மணி ஒன்றே கால். கொட்டகைப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு கஞ்சியைக் குடித்து முடித்தார்.

அவர் கொட்டகைக்குப் போனபோது வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"கூலி?"

"அதெல்லாம் வேண்டாம். நல்ல காரியத்துக்குப் போறீங்க. இன்னொரு விஷயம், அந்த ஜெட்..."

"போதும்ப்பா, நேரமாச்சு!"

வாசலில் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. செவெரோ அந்தப் பக்கம் போனார்.

திருடினவனுக்குக் கூலி எதுக்கு, என்று முணுமுணுத்தபடியே ரொசெந்தோ வண்டியில் ஏறப் போனார். சீட்டின் மேல் ஒரு திருப்புளி கிடந்தது. மெலிந்த வாய், வழுவழுப்பான மரப்பிடி. நல்ல சாமான்.

இரண்டு பக்கமும் பார்த்தார். எடுத்துக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார். அதுக்கு இது சரியாப் போச்சு.

வழியில் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. இந்தத் தடவை பிளக்கை நன்றாகத் துடைத்துப் போட்டிருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒருரோவில் எல்லாரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"வந்துட்டாருய்யா!" பசிலியோ அவர் வலது கையைப் பிடித்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினான். "இருபத்திரண்டு வருஷம் கிடங்குச் சாவி இருந்த கை. ஒரு குண்டூசி வெளியே போனதில்லை. இந்தக் கை பட்டா என் பொண்ணுக்கு வேற சொத்தே வேண்டாம். போடுங்கண்ணே!"

ரிப்பன் கட்டிய முடிக்கற்றையை ரொசெந்தோ வெட்டினார். கைதட்டல். அம்மா மடியில் இருந்த இரண்டு வயசுக் குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. சட்டென்று அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் திருப்புளியை உருவியது. பிடுங்கப் பார்த்தால் விடவில்லை.

பசிலியோவின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "பார்த்தீங்களா, ஞானத்தகப்பன் குணம் அதுக்குள்ளே ஒட்டிக்கிச்சு!"

ரொசெந்தோவும் சிரித்தார். காது மட்டும் சூடாக இருந்தது.

குழந்தையிடம் ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்துத் திருப்புளியை வாங்கினார். இது இனி யார் கண்ணிலும் படக்கூடாது. வண்டியிலிருந்த சாமான் பையைத் திறந்து அடியில் திணித்தார்.

அங்கே ஏதோ விரலில் பட்டது. மடித்த காகிதம். பிரித்தார்.

உள்ளே அவருடைய ஜெட். மினுமினுவென்று. காகிதத்தில் கரி படிந்த எழுத்து:

"ஐயா, வேலை மும்முரத்தில் சொல்ல மறந்துவிடுவேன், அதனால் எழுதி வைக்கிறேன். உங்கள் ஜெட் துளை இந்த மலைக்குப் பெரிது. என் வண்டியில் இருந்த சின்னதைப் போட்டிருக்கிறேன். நீங்கள் திரும்பும்வரை நான் நடந்தே போய்வந்துகொள்கிறேன். அப்போது நான் வெளியே போயிருந்தாலும், கீழே இறங்குமுன் நீங்களே உங்களுடையதை மாட்டுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் வெந்துவிடும். மாட்டுவதற்கு மெலிந்த வாய்த் திருப்புளி வேண்டும். உங்கள் பையில் பார்த்தேன், இல்லை. என்னுடையதைச் சீட்டின் மேல் வைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்."