கிரீடத்துக்கு அடியில்

காசுகள் சூடு ஆறும் முன்பே அவள் மேசைக்கு வந்துகொண்டிருந்தன.

ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். புதுக் கிரீடம் மட்டும் தெரிந்தால் இடது பக்கத் தட்டு. கிரீடத்துக்கு அடியில் பழைய முகம் தெரிந்தால் வலது பக்கத்து உலைக் கூடை.

அவ்வளவுதான் வேலை. நாணயச்சாலையில் ஆறு பெண்கள் மூன்று மாதமாக இதையே செய்கிறார்கள்.

புது ராஜா தன் முகத்தைக் காசில் போடச் சொல்லவில்லை. கிரீடம் போதும் என்றார். பழைய ராஜாவின் கிரீடம் மேலே திறந்தது. நான்கு இலைகள், நடுவில் வெறும் ஆகாயம். இன்னொரு தேசத்துக்குக் கப்பம் கட்டுகிறவர் அப்படித்தான் அணிய முடியும். புதியது மூடிய கிரீடம். வளைவுகள் நாலாபக்கமிருந்தும் ஏறி உச்சியில் ஒன்றாகச் சேரும். எனக்கு மேலே யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தமாம். சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

முடிசூட்டு விழாவுக்குள் எல்லாக் காசையும் உருக்கி ஊற்ற நேரமில்லை. பழைய காசைச் சூடாக்கி, அந்த முகத்தின் மேலேயே புது அச்சை அடித்தார்கள்.

முகம் அவ்வளவு லேசில் போகவில்லை.

வளைவுகளுக்கு இடையே ஒரு கண் தெரியும். சிலதில் உதடு மட்டும், தலைகீழாக. கம்பிகளுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போல. பக்கத்து மேசைக்காரி முதல் வாரத்திலிருந்தே காசுகளின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்வாள்.

இரண்டு அச்சுகளையும் வெட்டியது இவள் கணவர். பழைய முகத்தை வெட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. அப்போது ராஜாவுக்கு அறுபது வயது. காசில் இருபதுகூட இருக்காது. நாணயச்சாலை முழுக்க கணவரை ஜால்ரா என்று கூப்பிட்டார்கள். புருவத்தின் நடுவில் ஒரு கீறல் வேறு. உளி வழுக்கிவிட்டது என்றார்கள். ராஜா மட்டும் அதைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாராம்.

புதுக் கிரீடத்தின் அச்சிலும் குறை சொன்னார்கள். வளைவுகளுக்கு இடையே அழுத்தம் போதவில்லை, முகம் அழியமாட்டேன் என்கிறது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்று தடவையும் அது அப்படியே திரும்பி வந்தது.

அவள் இரண்டு முறை பிடிபட்டிருந்தாள். கண் தெரிந்த காசுகள் அவளுடைய இடது தட்டில் கிடந்தன. பார்வை மங்குகிறது என்று சொல்லித் தப்பித்தாள். இன்னொரு முறை நடந்தால் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும், வேலையோடு விட்டால் புண்ணியம் என்று பக்கத்து மேசைக்காரி எச்சரித்தாள். அக்காவுக்குப் பழைய ராஜா மேல் அப்படி என்னதான் பிரியமோ என்று கேலியும் செய்தாள்.

அவள் மறுக்கவில்லை.

இன்று கடைசி மூட்டை. மேற்பார்வையாளர் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்.

அவர் நின்றதிலிருந்து அவள் ஒழுங்காகத்தான் பிரித்தாள். கண் தெரிந்தால் கூடை. உதடு தெரிந்தால் கூடை.

அப்புறம் அந்தக் காசு வந்தது.

அச்சு கொஞ்சம் தள்ளி, மேலே விழுந்திருந்தது. முகம் முழுசாக, நேராக இருந்தது. பழைய கிரீடம் என்றைக்கோ கைபட்டுத் தேய்ந்து போயிருந்தது. மேடாக இருப்பதுதான் முதலில் தேயும். அந்த வெற்று நெற்றியின் மேல் புதுக் கிரீடம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவள் கை நின்றுவிட்டது.

மேற்பார்வையாளர் குனிந்து காசை வாங்கினார். ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"நான் பழைய ராஜாவக் கிட்டத்துல பாத்திருக்கேன்மா. இது அவர் இல்லையே."

பக்கத்து மேசைகளில் காசுச் சத்தம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், அச்சுப் பட்டறையில், அவள் கணவர் எதையோ அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பது கேட்டது.

"கிரீடம் இருக்கே சார்," என்றாள் அவள். "ராஜாதான்."

அவர் இன்னொரு முறை பார்த்தார். கிரீடம் இருந்தது. ராஜா என்றால் பிறகென்ன யோசனை என்பது போலக் காசை அவள் கையில் வைத்து, உலைக் கூடையைக் காட்டினார்.

அவளே போட்டாள். மற்றக் காசுகளின் மேல் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, முகம் மேலே இருக்க அடங்கியது.

அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

அவள் இன்னொரு காசை எடுத்தாள். இதில் வளைவுகளுக்கு இடையே ஒரு புருவம் மட்டும் இருந்தது. அதன் நடுவில் அந்தக் கீறல்.

கட்டைவிரலால் அதை மெதுவாகத் தடவினாள். மகன் ஆறு வயதில் படிக்கட்டில் உருண்டு, அழுதுகொண்டே மடியில் வந்து விழுந்தபோது அவள் துணியால் அழுத்திப் பிடித்த இடம். தையல் போட வேண்டாம், தானே ஆறிவிடும் என்றார் டாக்டர். ஆறியது. கோடு மட்டும் நின்றுவிட்டது.

பத்தொன்பது வயதில் பழைய ராஜாவின் சண்டைக்குப் போனான். திரும்பி வரவில்லை. வீட்டில் அவன் படம் என்று ஒன்றுகூட இல்லை.

அவள் காசை இடது தட்டில் வைத்தாள்.