டை அடிக்காத தலை

மாமல்லபுரம் கரையில் வெயில் சாய்கிறது. ஆதியம்மாளின் தள்ளுவண்டியில் வஞ்சிரத் துண்டுகள் எண்ணெயில் சடசடவென்று பொரிகின்றன. மகள் ரஞ்சிதா செல்போனை அவள் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். செய்தியில் ஒரு சீன நிதி அதிகாரி கோர்ட்டில் நிற்கிறார். வரி குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாகாணக் கஜானாவை ஆண்டு, துணை அமைச்சர்வரை ஏறியவர். லஞ்ச வழக்கில் ஆயுள் தண்டனையாம். முன்பொரு முறை இவர் கோயில் பார்க்க வருகிறார் என்றுதான் கரையிலிருந்த கடைகளை ஜேசிபி வைத்துப் பெயர்த்தார்கள். ஆதியம்மாளின் கடையும் அதில் போனது.

“இவுரா? அன்னிக்குத் தலை கன்னங்கரேல்னு இருந்துச்சே.”

“டை அடிச்சிருந்தாரும்மா. ஜெயில்ல யாரு அடிச்சிவுடுவா?”

கரண்டி நின்றுவிடுகிறது. திரையில் குனிந்திருக்கும் அந்த வெள்ளைத் தலையை ஆதியம்மாள் ஆசைதீரப் பார்க்கிறாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு ஊறுகிறது. அதே சிரிப்போடு நிமிர்கிறாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், அன்று ஜேசிபிக்கு முன்னால் நின்று எந்தக் கடையை இடிக்க என்று கையைக் காட்டிய உள்ளூர் அதிகாரி கலைவாணன் மீனுக்குக் காத்திருக்கிறார். கிருதா புதுக்கருப்பு, காதோரத் தோலிலும் கொஞ்சம் அப்பியிருக்கிறது. ஆதியம்மாள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, எலுமிச்சை பிழிந்து, செல்போனையும் தட்டையும் ஒன்றாக அவர் முன் வைக்கிறாள். திரையைப் பார்த்தவரின் கை காதோரத்துக்குப் போகிறது.

“துன்னு சார். உனுக்கு இன்னும் நல்லா கருப்பாத்தான் கீது,” என்கிறாள். “நானும் இங்கதான் கீறேன்.”